பொழிச்சலூரில் ஒரு சி.என்.சி. மில்: விரல்களைப் பத்திரமாக வைத்துக்கொண்டு இயக்குவது எப்படி?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எல்லோரும் செய்யும் முதல் காரியம், பெயரை டைப் செய்து பிரிண்ட் கொடுத்துப் பார்ப்பதுதான். தாள் சிக்கிக்கொண்டால் மூடியைத் திறந்து கையை விட்டு இழுப்போம். மறுபடி பிரிண்ட் கொடுப்போம். பிரிண்டர் நம்மை ஒன்றும் செய்வதில்லை.

இதே பழக்கத்தோடு சி.என்.சி. மில்லின் பக்கம் போகாதீர்கள். நான் போனேன். அதனால்தான் இந்தக் கட்டுரை.

பொழிச்சலூரில் நண்பர்கள் ஏழு பேர் சேர்ந்து ஒரு கார் ஷெட்டை வாடகைக்கு எடுத்து, பொதுப் பட்டறையாக வைத்திருக்கிறோம். ஒரு முப்பரிமாண பிரிண்டர், ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு பழைய லேப்டாப், மேஜை மேல் வைக்கும் சிறிய சி.என்.சி. மில் ஒன்று. இவ்வளவுதான் எங்கள் சொத்து. இரண்டு பேர் கல்லூரி மாணவர்கள். தையல் கடை வைத்திருக்கும் ஒரு அக்கா மர அச்சு செய்ய வருவார். எங்களில் மூத்தவர் பம்மலில் லேத் பட்டறையில் முப்பது வருடம் டர்னராக இருந்தவர். அவரை எல்லோரும் 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவோம். கம்ப்யூட்டர் அவருக்குப் புதிது. மெஷின் எங்களுக்குப் புதிது.

சி.என்.சி. மில் என்றால் என்ன?

மிக எளிதாகச் சொன்னால், மை தெளிக்கும் முனைக்குப் பதிலாகச் சுழலும் கத்தி பொருத்திய பிரிண்டர். மேஜையின் மேல் மரப்பலகையோ, அக்ரிலிக் துண்டோ, செம்புத் தகடு ஒட்டிய சர்க்யூட் போர்டோ இறுக்கிப் பிடிக்கப்பட்டிருக்கும். மேலே ஒரு மோட்டார். அதற்கு ஸ்பிண்டில் என்று பெயர். அதன் நுனியில் 'பிட்' எனப்படும் கட்டர். இடம் வலம், முன் பின், மேல் கீழ் என்று மூன்று திசைகளில் நகர்த்த மூன்று ஸ்டெப்பர் மோட்டார்கள். எங்கே போக வேண்டும், எவ்வளவு வேகத்தில் போக வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர் ஒவ்வொரு வரியாகச் சொல்லும். அந்த வரிகளுக்கு ஜி-கோட் என்று பெயர். நோட்பேடில் திறந்து பார்த்தால் நீங்களே படிக்கலாம். 'ஜி1' என்றால் நேர்கோட்டில் வெட்டிக்கொண்டே போ. 'எம்3' என்றால் ஸ்பிண்டிலைச் சுழற்று. 'எம்5' என்றால் நிறுத்து.

இந்த யோசனை புதியதல்ல. அமெரிக்காவில் ஜான் பார்சன்ஸ் என்பவர் ஹெலிகாப்டர் இறக்கைகளைத் துல்லியமாகச் செய்ய வழி தேடியபோது பிறந்தது. 1952-ல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் துளையிட்ட காகித நாடாவைப் படித்து ஓடும் மில்லிங் மெஷினை இயக்கிக் காட்டினார்கள். (எம்.ஐ.டி. என்றதும் நம் பக்கத்து ஆட்கள் குரோம்பேட்டையைத்தான் நினைப்பார்கள். இது அமெரிக்க எம்.ஐ.டி.!) அதே எம்.ஐ.டி.யில்தான் பேராசிரியர் நீல் கெர்ஷன்ஃபெல்ட், பொதுமக்கள் வந்து கருவிகளைப் பயன்படுத்தும் 'ஃபேப் லேப்' என்ற பட்டறைத் திட்டத்தைத் தொடங்கினார். எம்.ஐ.டி.க்கு வெளியே முதல் ஃபேப் லேப் எங்கே வந்தது தெரியுமா? 2002-ல், புனே மாவட்டத்தில் பாபல் என்ற கிராமத்தில்! டாக்டர் கல்பாக் 1983-ல் தொடங்கிய விஞ்ஞான் ஆசிரமத்தில். கேரளத்தில் 2016-ல் திருவனந்தபுரத்திலும் கொச்சியிலும் ஃபேப் லேப்கள் வந்தன. நம் சென்னையில் ஐ.ஐ.டி. மாணவர்களுக்கு 'சென்டர் ஃபார் இன்னோவேஷன்' என்ற பட்டறை உண்டு.

ஃபேப் லேப்களில் நீண்ட நாளாக இருந்து வருவது ரோலண்ட் நிறுவனத்தின் சிறிய மில்கள். அவற்றுக்கு மூடி உண்டு. எஸ்.ஆர்.எம்.-20 என்ற மாடலில் வேலை நடக்கும்போது முன்மூடியைத் திறந்தால் மெஷின் நின்றுவிடும். எங்களுடையது அந்த ரகம் அல்ல. ஆன்லைனில் '3018' என்ற பெயரில் விற்கப்படும் வகை. 300 மில்லிமீட்டருக்கு 180 மில்லிமீட்டர் மேஜை என்பதால் அந்தப் பெயர். விலை குறைவு. மூடி கிடையாது. நாலா பக்கமும் திறந்திருக்கும். எங்கே வேண்டுமானாலும் கையை விடலாம் என்பதுதான் அதன் வசதி, அதுவேதான் ஆபத்து.

கரண்ட் போனது, கை போகவில்லை

ஒரு சனிக்கிழமை மாலை. ஒரு வீட்டுக்குப் பெயர்ப்பலகை செய்துகொண்டிருந்தேன். பாதி எழுத்துகள் முடிந்த நேரத்தில் கரண்ட் போய்விட்டது. ஸ்பிண்டில் நின்றது. ஃபேன் நின்றது. 'சரி, கரண்ட் வரும்வரை சுத்தம் செய்வோம்' என்று பிட்டின் அடியில் குவிந்திருந்த மரத்தூளை விரலால் வழிக்க ஆரம்பித்தேன்.

அண்ணன் வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். திடீரென்று, "தம்பி, கையை எடு!" என்று ஒரு சத்தம். அவர் மெஷினைப் பார்த்துக் கத்தவில்லை. லேப்டாப் திரையைப் பார்த்துக் கத்தினார். கரண்ட் இல்லை. ஆனால் திரையில் ஜி-கோட் வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக்கொண்டே இருந்தன.

கையை எடுத்தேன். நான் எதையும் புரிந்துகொண்டு எடுக்கவில்லை. அவர் கத்தியதால் எடுத்தேன். அடுத்த சில நொடிகளில் கரண்ட் வந்தது. ஸ்பிண்டில் முழு வேகத்தில் சுழன்றது, மேஜை நகர்ந்தது, பிட் போய் கிளாம்ப்பில் மோதி உடைந்தது. உடைந்த துண்டை மறுநாள் பெருக்கும்போது ஷெட்டின் அந்தக் கோடியில் கண்டெடுத்தோம்.

என்ன நடந்தது என்பதைப் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களும் புரிந்துகொள்ள முடியும். இந்த வகை மில்லில் இரண்டு இடங்களிலிருந்து மின்சாரம் வருகிறது. மோட்டார்களுக்கு சுவரிலிருந்து 24 வோல்ட் அடாப்டர் வழியாக. கட்டளையை நிறைவேற்றும் சின்ன சர்க்யூட் போர்டுக்கு யு.எஸ்.பி. கேபிள் வழியாகவும் போகிறது. லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறது. அதனால் வீட்டில் கரண்ட் போனாலும் போர்டு சாகாது. அது பாட்டுக்கு "இந்தப் பக்கம் நகரு, அந்தப் பக்கம் நகரு" என்று சக்தியில்லாத மோட்டார்களிடம் சொல்லிக்கொண்டே இருக்கும். ஸ்பிண்டிலுக்குக் கொடுத்த 'எம்3' கட்டளையும் அப்படியே உயிரோடு இருக்கும். கரண்ட் வந்த அதே கணத்தில் எல்லாம் ஓட ஆரம்பிக்கும். அதுவும் தவறான இடத்திலிருந்து! ஏனென்றால் போர்டு தன் கணக்கில் பல சென்டிமீட்டர் தள்ளிப் போயிருக்கும், மேஜையோ நின்ற இடத்திலேயே இருக்கும்.

உங்கள் வீட்டில் டெஸ்க்டாப் என்றாலும் இதே கதைதான். கம்ப்யூட்டருக்கு யு.பி.எஸ். போட்டிருப்பீர்கள். மில்லை சாதாரண பிளக்கில் சொருகியிருப்பீர்கள். நம் ஊரில் இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் எந்த பிளக் இன்வெர்ட்டரில் இருக்கிறது, எது இல்லை என்பது வீட்டுக்காரருக்கே சில சமயம் தெரியாது.

ஆகவே கரண்ட் போனால் முதலில் தொட வேண்டியது மெஷினை அல்ல, அடாப்டரின் சுவிட்சை. அதை ஆஃப் செய்யுங்கள். பிறகு சாப்ட்வேரில் 'ஸ்டாப்', அடுத்து 'ரீசெட்' கொடுங்கள். அதன் பிறகுதான் தூளோ துணியோ. அந்த வேலையை விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்ற ஆசை வேண்டாம். பூஜ்ஜியப் புள்ளியை மறுபடி வைத்துத்தான் தொடங்க வேண்டும்.

'பாஸ்' கொடுத்தால் எல்லாம் நின்றுவிடுமா?

நிற்காது. இதைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். இந்தச் சிறிய மில்களில் பெரும்பாலானவற்றின் மூளை 'ஜி.ஆர்.பி.எல்.' என்ற இலவச சாப்ட்வேர். 2009-ல் நார்வேக்காரர் ஒருவர் தொடங்கியது. அர்டுயினோ போர்டில் உள்ள, வெறும் 32 கிலோபைட் நினைவகம் கொண்ட சிப்புக்குள் இது அடங்கிவிடுகிறது என்றால் நம்ப முடிகிறதா? நம் மொபைலில் ஒரு போட்டோவுக்கே இதைப்போலப் பல மடங்கு இடம் வேண்டும்.

இதில் 'பாஸ்' பட்டனை அழுத்தினால் மேஜையின் நகர்வு மட்டும் நிற்கும். ஸ்பிண்டில் சுழன்றுகொண்டே இருக்கும். பாட்டு கேட்கும் சாப்ட்வேரில் பாஸ் அழுத்துவது போல அழுத்திவிட்டு உள்ளே கையை விட்டால் அவ்வளவுதான். பிட்டைத் தொட வேண்டுமா? ஸ்பிண்டில் நின்றதைக் கண்ணால் பார்க்க வேண்டும், அடாப்டர் சுவிட்சும் ஆஃபில் இருக்க வேண்டும். இரண்டும் வேண்டும். ஒன்று போதாது.

சிவப்பு நிறத்தில் காளான் போல இருக்கும் எமர்ஜென்சி ஸ்டாப் பட்டன் சில மெஷின்களில் வருகிறது. அழுத்தினால் உள்ளேயே நிற்கும், திருகினால்தான் வெளியே வரும். உங்கள் மெஷினில் அது இல்லாவிட்டால், சுவிட்ச் உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றை மேஜையின் முன் விளிம்பில் திருகிப் பொருத்தி அடாப்டரை அதில் சொருகுங்கள். மெஷினைத் தாண்டிக் கையை நீட்டித்தான் ஆஃப் செய்ய முடியும் என்றால் அது இருந்தும் பயனில்லை. எங்கள் ஷெட்டில் முதலில் சுவிட்ச் சுவரில், மெஷினுக்குப் பின்னால் இருந்தது. அவசரத்துக்கு அது எந்த விதத்திலும் உதவியிருக்காது.

கயிறு, பின்னல், துப்பட்டா

எங்கள் ஊர் அகத்தீஸ்வரர் கோயில் சனி தோஷத்துக்குப் பேர் போனது. நானும் சனிக்கிழமை போய்விட்டுக் கையில் கறுப்புக் கயிறு கட்டிக்கொண்டு வந்தேன். அண்ணன் பார்த்தார்.

"தம்பி, அந்தக் கயித்தை அவுத்து வெச்சிட்டு மெஷின்கிட்ட வா."

"கோயில்ல கட்டினது அண்ணே."

"சாமி கோவிச்சுக்காது. மெஷின்தான் கோவிச்சுக்கும்."

அன்று அது கேலியாகப் பட்டது. பிறகு ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீங்களும் கால்குலேட்டரைத் திறந்து போட்டுப் பாருங்கள். ஸ்பிண்டிலின் வேகம் நிமிடத்துக்கு 10,000 சுற்று என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 166 சுற்று. பிட்டைப் பிடித்திருக்கும் காலட் நட்டின் குறுக்களவு 19 மில்லிமீட்டர் என்றால், அதன் சுற்றளவு ஏறக்குறைய 60 மில்லிமீட்டர். ஒரு நூல் அதில் மாட்டினால் நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் சுருட்டி இழுக்கப்படும். ஆபத்தைப் பார்த்துக் கையை இழுக்க நமக்குக் கால் நொடியாவது ஆகும். அந்தக் கால் நொடியில் இரண்டரை மீட்டர் உள்ளே போயிருக்கும். சாதாரணமாக எந்தப் பெண்ணின் பின்னலும் அவ்வளவு நீளம் இருக்காது.

'இது சின்ன மோட்டார், கையால் பிடித்தாலே நின்றுவிடும்' என்று சொல்பவர்கள் உண்டு. பெரிய மில்லோடு ஒப்பிட்டால் இதன் பலம் குறைவுதான். ஆனால் அதற்காக யாரும் பிடித்துப் பார்க்க வேண்டாம். சின்ன மெஷினில் பழகிய பழக்கம்தான் பெரிய மெஷினுக்கும் கூடவே வரும். 2011 ஏப்ரலில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகப் பட்டறையில் ஒரு மாணவி லேத்தில் தலைமுடி சிக்கி இறந்துபோனார். இரவு நேரம். தனியாக வேலை செய்திருக்கிறார். நல்ல படிப்பாளி, மெஷின் தெரிந்தவர். சுவிட்சை அணைக்கப் பக்கத்தில் ஒருவர் இல்லை. அது மில் அல்ல, லேத்தான். ஆனால் சுழலும் எதற்கும் இதே விதிதான்.

இந்தியாவில் 1948-ம் வருடத்துத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே, ஓடும் இயந்திரத்தைத் தொட்டு வேலை செய்பவர் உடலோடு ஒட்டிய இறுக்கமான உடை அணிந்திருக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். வீட்டு மேஜைக்கும் பொது ஷெட்டுக்கும் எந்த இன்ஸ்பெக்டரும் வரப்போவதில்லை. நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் தையல் கடை அக்கா, உள்ளே வந்ததும் துப்பட்டாவைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பின்னலைக் கொண்டையாகச் சுற்றித் தொப்பிக்குள் தள்ளிவிடுவார். மாணவர்கள் கழுத்தில் தொங்கும் கல்லூரி அடையாள அட்டையைக் கழற்ற மறப்பார்கள். அதுவும் கயிறுதானே! மோதிரம், காப்பு, முழுக்கைச் சட்டையின் திறந்த கைமடிப்பு, வேட்டி எல்லாம் இதே கணக்கில் வரும்.

கையுறை போட்டுக்கொண்டால் பாதுகாப்புதானே என்று கேட்பார்கள். சுழலும் பிட்டின் பக்கத்தில் கையுறை கூடவே கூடாது. வெறும் விரல் பட்டால் வெட்டுக் காயம். கையுறை பட்டால் துணியோடு சேர்த்துக் கை முழுவதையும் இழுக்கும். மெஷின் அணைந்த பிறகு பிட்டை மாற்றும்போது வேண்டுமானால் போட்டுக்கொள்ளலாம். கண்ணாடி மட்டும் எப்போதும் வேண்டும், ஓரங்களை மூடும் பாதுகாப்புக் கண்ணாடி. படிக்கிற மூக்குக்கண்ணாடி போதாது. அன்று உடைந்த பிட் பறந்தபோது என் பாதுகாப்புக் கண்ணாடி எங்கே இருந்தது என்று கேட்காதீர்கள். நெற்றிமேல் இருந்தது.

கம்ப்யூட்டரில் செய்ய வேண்டியவை

இது கம்ப்யூட்டர் பத்திரிகை. எனவே மில்லை விட்டுவிட்டு உங்கள் கம்ப்யூட்டர் பக்கம் வருவோம். மில் ஓடும்போது விண்டோஸ் தூங்கப் போய்விட்டால் என்ன ஆகும்? கட்டளைகள் வருவது நிற்கும். போர்டு கையில் வைத்திருக்கும் பத்துப் பதினைந்து அசைவுகளை முடித்துவிட்டு அடுத்த வரிக்காகக் காத்திருக்கும். ஸ்பிண்டில் மட்டும் நிற்காது. ஒரே இடத்தில் பிட் மரத்தோடு உரசிக்கொண்டே இருந்தால் முதலில் கருகும், பிறகு புகையும். ஆள் இல்லாத ஷெட்டில் அதற்குப் பிறகு என்ன என்பது உங்களுக்கே தெரியும்.

கண்ட்ரோல் பேனலைத் திறந்து 'பவர் ஆப்ஷன்ஸ்' செல்லுங்கள். 'சேஞ்ச் பிளான் செட்டிங்ஸ்' என்பதைக் கிளிக் செய்து, கம்ப்யூட்டர் ஸ்லீப் ஆகும் நேரத்தை 'நெவர்' என்று மாற்றுங்கள். பேட்டரிக்கும், பிளக்கில் இருக்கும்போதும் என இரண்டு இடத்திலும் மாற்ற வேண்டும். அதே பக்கத்தில் 'அட்வான்ஸ்டு' செட்டிங்கைத் திறந்தால் 'யு.எஸ்.பி. செலக்டிவ் சஸ்பெண்ட்' என்று ஒன்று இருக்கும். இருந்தால் 'டிஸேபிள்டு' செய்துவிடுங்கள். சில புதிய லேப்டாப்களில் இந்த வரி தெரியாது. மூடியை மூடினால் தூங்கும் செட்டிங்கையும் மாற்றுங்கள். விண்டோஸ் அப்டேட்டை ஒரு வாரத்துக்குத் தள்ளிவையுங்கள். நடு வேலையில் 'ரீஸ்டார்ட் செய்யவா?' என்று கேட்டு, நாம் பதில் சொல்வதற்குள் அதுவே செய்துகொண்டால் நஷ்டம் நமக்கு.

கட்டளை அனுப்ப 'கேண்டில்', 'யுனிவர்சல் ஜி-கோட் சென்டர்' போன்ற இலவச சாப்ட்வேர்கள் உள்ளன. கேபிளை இணைத்ததும் 'டிவைஸ் மேனேஜர்' திறந்து எந்த 'காம்' போர்ட் என்று பாருங்கள். போர்ட் எதுவும் வரவில்லை என்றால் 'சி.எச்.340' என்ற டிரைவர் தேவைப்படலாம். வேகம் 115200 என்று கொடுங்கள். கேண்டிலில் 'கீபோர்டு கண்ட்ரோல்' என்று ஒரு டிக் பாக்ஸ் உண்டு. அதை டிக் செய்தால் கீபோர்டு விசைகளாலேயே மேஜையை நகர்த்தலாம். வசதிதான். ஆனால் டிக்கை எடுக்க மறந்தால், யாரோ கீபோர்டு மேல் நோட்டுப் புத்தகத்தை வைத்தாலும் மேஜை நகரும். வேலை முடிந்ததும் டிக்கை எடுத்துவிடுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் வயர்லெஸ் மவுஸும் வேண்டாம்.

ஃபைலைத் திறந்ததும் நேராக 'சென்ட்' அழுத்தாதீர்கள். மேலே சில வரிகளைப் பாருங்கள். 'ஜி21' என்றால் மில்லிமீட்டர். 'ஜி20' என்றால் அங்குலம். இரண்டுக்கும் 25.4 மடங்கு வித்தியாசம். எங்கள் மாணவர் ஒருவர் 50 மில்லிமீட்டர் சாவிக்கொத்து ஒன்றை அங்குலக் கணக்கில் அனுப்பினார். மில் ஒன்றேகால் மீட்டர் தூரம் போகப் பார்த்தது! மேஜையோ 30 சென்டிமீட்டர். எல்லை காட்டும் லிமிட் சுவிட்ச் இல்லாத மாடல் என்பதால் ஓரத்தில் போய் முட்டி 'கரகர'வென்று கத்திக்கொண்டே நின்றது.

இதைத் தவிர்க்க ஒத்திகை ஓட்டம் நல்ல வழி. பூஜ்ஜிய உயரத்தைப் பலகையின் மேல் வைக்காமல், வெட்டும் ஆழத்தைவிட நன்றாக மேலே, 15 மில்லிமீட்டர் உயரத்தில் வைத்து முழு வேலையையும் காற்றிலேயே ஓட்டிப் பாருங்கள். பிட் கிளாம்ப் பக்கம் போகிறதா, மேஜைக்கு வெளியே போகிறதா என்று தெரிந்துவிடும். பத்து நிமிடம் வீண் என்று தோன்றும். ஒரு பிட் உடைந்தால் அடுத்த பார்சல் வர ஒரு வாரம்.

பலர் கை படும் மெஷின்

உங்கள் வீட்டு மில் என்றால் நீங்கள் விட்டது விட்டபடி இருக்கும். பொதுப் பட்டறையில் அப்படி இல்லை. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஜி.ஆர்.பி.எல்., கடைசியாக வேலை செய்தவர் வைத்த பூஜ்ஜியப் புள்ளியைச் சிப்பின் நிரந்தர நினைவில் எழுதி வைத்துக்கொள்கிறது. பிளக்கைப் பிடுங்கினாலும் அழியாது. காலையில் தையல் அக்கா உயரமான மரக்கட்டைக்கு வைத்த புள்ளி, மாலையில் நீங்கள் மெல்லிய அக்ரிலிக் வைக்கும்போதும் இருக்கும். எனவே வந்தவுடன் எக்ஸ், ஒய், இசட் மூன்றுக்கும் நீங்களே பூஜ்ஜியம் வையுங்கள். 'அவர் வெச்சது சரியாத்தான் இருக்கும்' என்ற மரியாதை இங்கே தேவையில்லை.

பிட்டும் அப்படியே. பெரும்பாலான பிட்களின் தண்டு 3.175 மில்லிமீட்டர், அதாவது எட்டில் ஒரு அங்குலம். தண்டு ஒன்றாக இருப்பதால் நுனி வேறாக இருப்பது கண்ணில் படாது. கழற்றிப் பார்த்துவிட்டு மாட்டுங்கள். ஸ்பேனரைக் காலட் நட்டிலேயே விட்டுவிட்டு ஸ்டார்ட் செய்யும் தவறு அனுபவசாலிகளுக்கும் நேரும். அண்ணனின் பழைய பட்டறையில் இதற்கு ஒரே விதிதானாம்: ஸ்பேனர் நட்டில் இருக்கும்வரை கை ஸ்பேனரில் இருக்க வேண்டும். கையை எடுக்கும்போது ஸ்பேனரும் கூடவே வர வேண்டும்.

ஒரு நேரத்தில் மவுஸ் ஒருவர் கையில்தான் இருக்க வேண்டும். பிட்டை மாற்றுபவர் யாரோ, ஸ்டார்ட் அழுத்துபவரும் அவரேதான். 'நான் பிட் மாட்டுறேன், நீ ரன் கொடு' என்பது எங்கள் ஷெட்டில் கிடையாது. ஓடும்போது ஷெட்டில் இரண்டு பேராவது இருக்க வேண்டும் என்றும் வைத்திருக்கிறோம். எந்த வேலை, எந்த பிட், என்ன கோளாறு என்று ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதுகிறோம். பென்சிலைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். அந்தக் கயிறும் மெஷின் பக்கமே தொங்குகிறது என்று அண்ணன் அதையும் அறுத்துவிட்டார்.

எங்கள் ஊருக்கே உரிய ஒரு தொல்லையும் உண்டு. மில் ஓடும்போது அதன் சத்தத்தை வைத்தே வேலை சரியாகப் போகிறதா என்று சொல்லிவிடலாம். சீரான ரீங்காரம் என்றால் நலம். கீச்சென்று ஏறினால் பிட் மழுங்கிவிட்டது அல்லது வேகம் அதிகம். படபடவென்று அடித்தால் பலகை ஆட்டம் கண்டுவிட்டது. ஆனால் பொழிச்சலூரில் தலைக்குமேல் விமானம் தாழப் போகும்போது பக்கத்தில் நிற்பவர் பேச்சே கேட்காது, இது எங்கே கேட்கும்? அந்த நேரத்தில் கண்ணை மெஷினிலேயே வைத்து, கையை சுவிட்சில் வைத்துக்கொள்கிறோம்.

சர்க்யூட் போர்டு வெட்ட ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை. கடையில் கிடைக்கும் பச்சை, மஞ்சள் நிற 'எஃப்.ஆர்.4' போர்டு கண்ணாடி இழையால் ஆனது. அதை வெட்டினால் வரும் தூள் நுரையீரலுக்குக் கெடுதல். ஃபேப் லேப்களில் காகிதமும் ரெசினும் சேர்த்துச் செய்த 'எஃப்.ஆர்.1' போர்டைத்தான் பயன்படுத்துகிறார்கள். பிட்டும் அதில் நீண்ட நாள் உழைக்கும். எம்.டி.எஃப். மரத்தூளும் நல்லதல்ல. என்-95 மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். தூளை வாயால் ஊதாதீர்கள், நேராகக் கண்ணுக்குத்தான் வரும். மெஷினை நிறுத்திவிட்டு பிரஷ்ஷால் தள்ளுங்கள். வேக்குவம் கிளீனர் இருந்தால் இன்னும் நல்லது.

மோட்டார் ஸ்டார்டர் தந்த யோசனை

கரண்ட் போய் வந்த அந்தச் சம்பவத்துக்குப் பிறகு 'கரண்ட் போனால் சுவிட்சை அணைக்கவும்' என்று ஒரு தாளில் எழுதி ஒட்டினோம். அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. "தம்பி, தாளைப் படிக்கிறவன் கையை விடமாட்டான். விடுறவன் தாளைப் படிக்கமாட்டான்" என்றார். பிறகு, "உங்க வீட்டுக் கிணத்து மோட்டாருக்கு ஸ்டார்டர் இருக்கா?" என்று கேட்டார்.

இருக்கிறது. பச்சை பட்டன், சிவப்பு பட்டன் உள்ள பெட்டி. பச்சையை அழுத்தினால் உள்ளே ஒரு காயில் காந்தமாகி, தொடர்பைப் பிடித்துக்கொள்ளும். கரண்ட் போனால் காந்தம் போய்விடும், தொடர்பு விட்டுவிடும். கரண்ட் திரும்பி வந்தாலும் மோட்டார் தானாக ஓடாது. யாராவது வந்து பச்சையை மறுபடி அழுத்த வேண்டும். பட்டறையில் லேத்துக்கும் டிரில்லிங் மெஷினுக்கும் இதைத்தான் போட்டிருப்பார்கள். கம்ப்யூட்டரோடு வந்த எங்கள் மில்லில்தான் இந்தப் பழைய புத்தி இல்லை.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, ஒரு சின்ன கான்டாக்டரும் பச்சை, சிவப்பு பட்டன்களும் கொண்ட பெட்டியை அடாப்டருக்கு முன்னால் பொருத்தச் சொன்னோம். 230 வோல்ட் வேலை, நீங்களாகச் செய்ய வேண்டாம். மேஜையின் முன் விளிம்பில், இடது கைக்கு எட்டும் இடத்தில் பெட்டி இருக்கிறது. பெட்டி வந்த மறுவாரம் ஓடும் வேலையின் நடுவில் நாங்களே வேண்டுமென்று மெயினை அணைத்துப் போட்டுப் பார்த்தோம். லேப்டாப் திரையில் வரிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. மெயினைப் போட்டதும் ஃபேன் சுற்றியது, லைட் எரிந்தது. மில் அசையவில்லை.

அண்ணன் எழுந்து போய், ஒட்டியிருந்த தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் டீக்கடைக் கணக்கை எழுத ஆரம்பித்தார்.